பேரேடும் பெயர்மறைவும்: ஊவாத் தோட்டங்களின் வரலாற்றினடியாகச் சமூக ஊடகக் கல்வி பற்றிய ஒரு நோக்கு

1

அந்தரங்கம் என்பது மனித இயல்போடு ஒட்டிப் பிறந்ததொன்று என்றும், காலத்தாலும் இடத்தாலும் மாறாதது என்றும் கருதுவோர் உளர். வரலாறு இக்கருத்துக்கு ஆதரவளிப்பதாயில்லை. கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை முதலில் கதவு உடையவனுக்கே கிடைத்தது. தனிச்சொத்து, தனிமனை, தனிமனிதன் ஆகிய கருத்துகள் முதலாளித்துவத்தின் எழுச்சியோடு வலுப்பெற்றபொழுது, அந்தரங்கம் என்னும் விழுமியமும் அவற்றோடு சேர்ந்தே வளர்ந்தது. ஆயின், அதே முதலாளித்துவம் குடியேற்ற நாடுகளிலே பெருந்தோட்டங்களை நிறுவியபோது, அங்கு உழைத்தவர்களுக்கு இவ்விழுமியத்தை வழங்கவில்லை. வழங்கியிருப்பின் பெருந்தோட்டம் இயங்கியிராது என்பதே உண்மை.

சமூக ஊடகங்களைப் பயன்படுத்தும் மாணவர்க்கு அந்தரங்கம் பற்றியும் பெயர்மறைவு பற்றியும் கற்பிக்க வேண்டும் என்னும் குரல் இன்று எங்கும் கேட்கிறது. பாடசாலைகளிலும் கருத்தரங்குகளிலும் கூறப்படும் அறிவுரைகள் பெரும்பாலும் விலக்குகளாகவே அமைகின்றன. படத்தை வெளியிடாதே, தொலைபேசி இலக்கத்தைக் கொடாதே, அறியாதவரோடு பேசாதே என்பன அவை. இவை தேவையானவை, ஆனால் போதியவையல்ல. பார்க்கப்படுபவனுக்கு மாத்திரம் இவை கடமையை விதிக்கின்றன. பார்ப்பவன் யார், பதிவு செய்பவன் யார், அப்பதிவு யார் கையில் இருக்கிறது, அதனால் யாருக்கு இலாபம் என்ற வினாக்களை இவை எழுப்புவதில்லை.

இவ்வினாக்கள் மலையகத்துக்குப் புதியன அல்ல. பதுளை நகரை அடுத்து, நமுனுகுலை மலைத்தொடரின் சரிவுகளிலே பரந்து கிடக்கும் ஸ்பிரிங்வெளி, கோப்பிக் காலத்திலே தோன்றிப் பின்னர் தேயிலைக்கு மாறிய பழைய தோட்டங்களுள் ஒன்று. அதுபோன்ற ஊவாத் தோட்டங்களிலே வாழ்ந்தவர்கள், கணினி என்ற சொல் வழங்குவதற்கு நெடுங்காலம் முன்னரே, தம்மைப் பற்றிப் பிறர் எழுதி வைத்த பேரேட்டின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தனர். அவ்வனுபவத்தினின்றும் சமூக ஊடகக் கல்விக்குப் பெறக்கூடிய தெளிவு யாது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

2

தோட்டத் தமிழில் ‘பேர்’ என்னும் சொல் பெறும் பொருள் மனங்கொள்ளத்தக்கது. ஒரு நாள் முழுக்கூலி பெற்றால் அது ‘ஒரு பேர்’. கொழுந்து நிறை குறைந்தாலோ, வேலை போதாதெனக் கருதப்பட்டாலோ அது ‘அரைப்பேர்’. செக்ரோல் எனப்படும் இடாப்பிலே பெயருக்கு எதிரே விழும் அடையாளமே கூலியாதலின், பெயரும் கூலியும் ஒரு சொல்லாயின. ஏனைய சமூகங்களில் ஒருவனது பெயர் பெற்றோர் இட்டது. குலத்தையும் ஊரையும் காட்டுவது. தோட்டத்திலோ அது கணக்கப்பிள்ளையின் பேனா முனையில் முழுமையாகவும் பாதியாகவும் வெட்டப்படக்கூடிய ஒன்றாயிற்று. உழைப்பு மனிதனினின்றும் அந்நியமாதல் பற்றி மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படிகளிலே விளக்கினார். இங்கே பெயரே அந்நியமாகிவிடுவதைக் காண்கிறோம்.

அதிகாலையிற் பிரட்டுக்களத்தில் அனைவரும் வரிசையில் நிற்பர், பெயர் அழைக்கப்படும், வராதவர் யார் என்பது உடனே வெளிப்படும். அன்றைய தினம் வேலைக்கு இறங்கியோரின் எண்ணிக்கைக்கேற்பப் பெரியகங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தமையால், யார் நோயுற்றார், யார் ஒளித்துக்கொண்டார் என்பதை அறிவதிலே அவனுக்குப் பொருளாதார நலன் இருந்தது. கண்காணித்தல் என்னும் வினையினின்றும் பிறந்த பெயரை அவன் தாங்கியிருந்தமை தற்செயலன்று.

வேலைநேரம் முடிந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவான லயத்து அறையில் ஒரு குடும்பம் முழுவதும் சமைத்தது, உறங்கியது, பிள்ளை பெற்றது, நோயிற் கிடந்தது. ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். இவ்வமைப்பினால் மிகுதியும் துன்புற்றவர்கள் பெண்களே. லயம் தொழிலாளரின் பண்பாட்டுக் குறைபாட்டால் அமைந்ததன்று. குறைந்த செலவில் அதிக உழைப்பாளரைக் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும் என்ற கணக்கினாலேயே அமைந்தது.

அந்தரங்கமின்மையின் வேறொரு வடிவம் கடிதம். லயத்து அறைகளுக்குத் தனி முகவரி இன்மையால், தொழிலாளர்க்கு வரும் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே சென்றன. அங்கிருந்து பிறர் கைமாறியே உரியவரை அடைந்தன. ஒரே பெயருடையோர் பலர் இருந்தமையால் ஒருவர் கடிதம் மற்றொருவரிடம் செல்வதும் உண்டு. பரீட்சை, தொழில், நீதிமன்றம் தொடர்பான கடிதங்கள் காலந்தாழ்ந்து கிடைத்தமை பற்றிய முறைப்பாடுகள் மலையகத்திற் பரவலானவை. இன்றும் முகவரி உரிமை முற்றாகத் தீர்ந்துவிட்ட பிரச்சினையன்று.

3

பேரேடு தோட்ட எல்லைக்குள் மாத்திரம் நின்றுவிடவில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குக் கங்காணி தன் ஆட்களோடு செல்ல விரும்பின், அவர்களது கடன்தொகையைக் குறித்துத் துரை ஒரு ‘துண்டு’ எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களை ஏற்கும். தொழிலாளியைப் பற்றிய அக்காகிதம் துரைமாரிடையேயும் கங்காணிமாரிடையேயும் சுற்றியது. தன் பெயரிலே எழுதப்பட்ட கடன் எவ்வளவு, அது எவ்வாறு வந்தது என்பதை வாசித்தறியும் வாய்ப்புப் பெரும்பாலான தொழிலாளருக்கு இருக்கவில்லை. துண்டு முறை 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதலாண்டுகளிலே தென்னிந்தியாவிலிருந்து திரட்டப்பட்டோருக்குத் தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த தகரவில்லை வழங்கும் முறையும் கொண்டுவரப்பட்டது. எழுத்தறியாத மனிதன் தன்னைப் பற்றிய எழுத்தைத் தன் உடலோடு சுமந்து வந்தான்.

மொழியும் இக்கண்காணிப்புக்குக் கருவியாயிற்று. தொழிலாளரை ஏவுவதற்கும் அதட்டுவதற்கும் தேவையான தமிழை வெள்ளைத்துரைமார் கற்றுக்கொள்ளும் பொருட்டுக் கைநூல்கள் எழுந்தன. 1915ஆம் ஆண்டில் வெல்ஸ் என்பார் வெளியிட்ட நூல் ‘கூலித் தமிழ்’ என்றே பெயர் பெற்றது. இத்தகைய நூல்களைப் பதுளையைச் சேர்ந்த ஆய்வாளரான மு. நித்தியானந்தன் தமது ‘கூலித்தமிழ்’ என்னும் நூலில் (2014) விரிவாக ஆராய்ந்துள்ளார். துரைக்குத் தொழிலாளியின் மொழி தெரிந்திருக்க வேண்டும். துரையின் பேரேட்டு மொழி தொழிலாளிக்குத் தெரிந்திருத்தல் ஆகாது. ஒருதலையான இவ்வறிவே ஆதிக்கத்தின் அடிப்படையாகும்.

இத்துணை நுணுக்கமாகப் பதிவு செய்யப்பட்ட மக்கள், சட்டத்தின் முன்னர் பெயரற்றோராய் நின்றமை வரலாற்றின் பெரும் முரண். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பான்மையோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 சனவரி 1ஆம் திகதிக்கு முன்னர் மணமானோராயின் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் தொடர்ந்து இங்கு வசித்தமையை நிறுவ வேண்டியிருந்தது. ஒவ்வொரு நாளும் அவர்கள் இத்தீவிலே உழைத்தமைக்குச் சான்று செக்ரோலில் இருந்தது. ஆயின் செக்ரோல் அவர்களுடையதன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிக்கையாற் பகிர்ந்தது. எஞ்சிய 150,000 பேரின் எதிர்காலம் 1974ஆம் ஆண்டிலே பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. நாடற்ற நிலையை முற்றாக நீக்கும் நோக்குடன் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை இந்நிலை ஏதோவொரு வடிவில் நீடித்தது.

இங்கு இரண்டு கருத்துகளை வேறுபடுத்திக் காணுதல் அவசியம். பிறரால் சுமத்தப்படுவது பெயரின்மை. தானே தேர்ந்து கொள்வது பெயர்மறைவு. முதலாளிக்கு முற்றிலும் வெளிப்பட்டும், சட்டத்துக்கு முற்றிலும் மறைந்தும் நின்ற தோட்டத் தொழிலாளி அனுபவித்தது பெயரின்மை. அதற்கெதிராக அவன் கையாண்ட கருவிகளுள் ஒன்று பெயர்மறைவு.

4

நாட்டார் பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பது இலக்கிய மாணவர் யாவரும் அறிந்த பொதுவிதி. தோட்டத்துப் பாடல்களில் இப்பொதுவிதி தனியொரு சமூகப் பயனைப் பெற்றது. கங்காணியின் கொடுமையையும் துரையின் ஒழுக்கத்தையும் பாடும் வரியைக் கட்டியவர் யார் என்பதை எவரும் கூறார். மலையிலே பாடினால் எல்லோரும் பாடினர். பெயரோடு கூறியிருப்பின் மறுநாள் பேர் விழாது. லயத்து அறையும் பறிபோகலாம். சி. வி. வேலுப்பிள்ளை இப்பாடல்களைத் திரட்டியபோது நமக்குக் கிடைத்தது அழகியற் செல்வம் மாத்திரமன்று. பெயர் மறைத்த ஒரு வர்க்கத்தின் முறைப்பாட்டுப் பத்திரமுமாகும்.

தோட்டங்களுக்குள்ளே வெளியார் நுழைவது தடைப்பட்டிருந்த காலத்தில், கோ. நடேசய்யர் தொழிலாளரின் நிலையை நேரிற் காணும்பொருட்டுப் புடவை வியாபாரியாக மாறுவேடம் பூண்டு தோட்டங்களுக்குட் சென்றமை மலையக வரலாற்றிற் பிரசித்தமானது. அவர் பெயரை மறைத்தது உண்மையை மறைப்பதற்கன்று, உண்மையை வெளிக்கொணர்வதற்கே. பின்னர் அவர் பத்திரிகையாளராகவும் சட்டசபை உறுப்பினராகவும், 1931ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் அமைத்தவராகவும் வெளிப்படையாகவே இயங்கினார்.

பெயர்மறைவு பற்றி இளம் மார்க்ஸ் கொண்டிருந்த நிலைப்பாடும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. மோசல் பள்ளத்தாக்கின் திராட்சைச் செய்கையாளர் பட்ட துன்பத்தை எழுதிய செய்தியாளரை ஆதரித்து, 1843 சனவரியில் ‘ரைன் பத்திரிகை’யில் அவர் எழுதிய கட்டுரைத் தொடரில், பெயர் குறிப்பிடாது எழுதுதல் செய்திப் பத்திரிகையின் இயல்போடு பிரிக்கவியலாதது என வாதிட்டார். எழுதியவர் யார் என்பதை விடுத்து எழுதப்பட்டது யாது என்பதிலே வாசகர் கவனம் செலுத்த அது உதவும் என்பது அவர் கருத்து. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியோடு அப்பத்திரிகை நிறுத்தப்பட்டது.

எனினும், பெயர்மறைவே போராட்டத்தின் முடிவிடமன்று. 1940ஆம் ஆண்டு மே மாதத்தில் பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸத் தோட்டத்தில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, தொழிலாளர் தாமே தெரிவு செய்த குழுவோடு கலந்தாலோசித்துச் செயற்படத் தோட்ட அத்தியட்சகர் இணங்க வேண்டியதாயிற்று. அங்கு அனுப்பப்பட்ட பொலிஸ் குழுவினரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்துக்கொண்டமையும் வரலாற்றிற் பதிவாகியுள்ளது. பெயரற்ற பாடலில் தொடங்கிய குரல், தெரிவு செய்யப்பட்ட குழுவாக, பெயரும் முகமும் கொண்டு, துரையின் எதிரே நின்றது. கூட்டாக நிற்கும் பலம் வந்தபோது ஒளிப்பின் தேவை குறைந்தது. அடக்குமுறை மீண்டும் வந்தபோது, அவ்வாண்டு சூன் மாதத்திலே சமசமாஜத் தலைவர்கள் சிறையிடப்பட்டனர், இயக்கம் தலைமறைவாயிற்று. மறைவும் வெளிப்பாடும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அதிகாரச் சமநிலைக்கேற்ப மாறும் இயங்கியல் உறவுடையன.

மறுபக்கத்தையும் கூறாது விடலாகாது. தோட்டங்களிலே மொட்டைக் கடிதம் இரு திசைகளிற் சென்றது. மேலே உள்ளவரின் முறைகேட்டை அதிகாரிக்கு அறிவித்த கடிதம் ஒன்று. அயல் லயத்துப் பெண்ணின் ஒழுக்கத்தைப் பழித்து அவள் திருமணத்தைக் குலைத்த கடிதம் மற்றொன்று. வடிவம் ஒன்றே, சமூகப் பணி நேர்மாறானது. எனவே பெயர்மறைவு நன்றா தீதா என்று பொதுவாகக் கேட்பது பயனற்ற வினா. யாரிடமிருந்து யார் மறைகிறார், அம்மறைவினால் தாக்கப்படுபவர் தம்மிலும் வலியவரா மெலியவரா என்பதே கேட்க வேண்டிய வினா.

5

இவ்வளவுகோலைக் கொண்டு இன்றைய சமூக ஊடகங்களை நோக்குவோம். முகநூல், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகியவற்றை உடைமையாகக் கொண்ட மெட்டா நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 135 பில்லியன் அமெரிக்க டொலர். அதில் நூற்றுக்கு 97 பங்குக்கு மேற்பட்டது விளம்பரத்தால் வந்தது. பயன்படுத்துவோரிடம் பணம் கேட்காத நிறுவனம் அவர்களது விருப்பு, வெறுப்பு, தொடர்பு, நடமாட்டம் ஆகியவற்றைப் பதிவு செய்து, அப்பதிவின் துணையோடு விளம்பரதாரருக்கு அவர்களது கவனத்தை விற்கிறது. கங்காணி கொடுத்த முன்பணமும் முதலிலே தயவாகவே தோன்றியது. ஒப்புமையை அளவுக்கு மீறி இழுத்தலும் தவறு: தோட்டத் தொழிலாளி பட்டினியாலும் சட்டத்தாலும் கட்டுண்டவன், முகநூல் பயன்படுத்தும் மாணவன் அவ்வாறு கட்டுண்டவனல்லன். ஆயினும் பேரேடு ஒருதலையானது என்னும் அமைப்பு இரண்டிற்கும் பொது.

பொய்ப்பெயர் பூண்ட மாணவன் தான் மறைந்துவிட்டதாக எண்ணுகிறான். அவன் தன் நண்பரிடமிருந்தும் அயலவரிடமிருந்தும் மறைந்திருக்கலாம். தொலைபேசி இலக்கம், கருவியின் அடையாளம், தொடர்புப் பட்டியல் ஆகியவற்றைப் பெற்றுக்கொள்ளும் நிறுவனத்திடமிருந்து அவன் மறையவில்லை. வட்ஸ்அப்பிற் செய்தியின் உள்ளடக்கம் 2016ஆம் ஆண்டு முதல் மறைகுறியாக்கப்படுகிறது என்பது உண்மையே. யார் யாரோடு எப்பொழுது தொடர்பு கொண்டார் என்பது வேறு விடயம். பெறுபவர் அதைப் படம்பிடித்துப் பிறருக்கு அனுப்புவதை எம்மறைகுறியும் தடுக்காது. 2018ஆம் ஆண்டில் வெளியான கேம்பிரிட்ஜ் அனலிற்றிக்கா விவகாரத்தில் 8 கோடி 70 இலட்சம் வரையான முகநூற் பயனாளரின் தரவுகள் முறைகேடாகப் பெறப்பட்டிருக்கலாம் என அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது.

மெலியோரைத் தாக்கும் பெயர்மறைவையும் இந்நாடு கண்டது. 2018 மார்ச் மாதத்தில் திகனையிலும் கண்டி மாவட்டத்தின் பிற இடங்களிலும் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது, வெறுப்புப் பிரசாரம் சமூக ஊடகங்கள் வழியே பரவியது. அரசு அவ்வூடகங்களைத் தற்காலிகமாக முடக்கியது. அவ்வன்செயலிலே தன் தளம் பெற்ற பங்குக்காக முகநூல் நிறுவனம் 2020ஆம் ஆண்டில் வருத்தம் தெரிவித்தது. மொட்டைக் கடிதத்தின் இரண்டாம் வகை இங்கே பேருருக் கொண்டது.

சட்டம் இதற்குத் தரும் விடை முழுமையானதன்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயம் அந்தரங்கத்தைத் தனியுரிமையாகக் கூறவில்லை. 2015ஆம் ஆண்டிலே சேர்க்கப்பட்ட தகவலறியும் உரிமைக்கு ஒரு வரையறையாகவே அது குறிப்பிடப்படுகிறது. இந்திய உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் 2017 ஓகஸ்ட் 24ஆம் திகதி அதனை அடிப்படை உரிமையென அறிவித்தமை ஒப்புநோக்கத்தக்கது. இலங்கையில் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் 2022ஆம் ஆண்டில் நிறைவேறியபோதும், அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பின்போடப்பட்டது. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ நிறைவேறிய சில நாள்களிலேயே நடைமுறைக்கு வந்தது. பொய்க்கூற்றுகளையும் போலிக் கணக்குகளையும் கட்டுப்படுத்துவது அதன் நோக்கமெனக் கூறப்பட்டது. கருத்துச் சுதந்திரத்தை அது ஒடுக்கும் என ஊடகவியலாளரும் மனித உரிமை அமைப்பினரும் எதிர்த்தனர். குடிமகனைக் காக்கும் சட்டம் மெதுவாகவும், குடிமகனைக் கண்காணிக்கக்கூடிய சட்டம் விரைவாகவும் வந்தமை சிந்தனைக்குரியது.

6

இனிக் கற்பித்தலுக்கு வருவோம். 2020 மார்ச்சில் நோய்த்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது கல்வி வட்ஸ்அப் குழுக்களுக்கு மாறியது. பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவக் கிராமத்து மாணவரும் ஆசிரியரும் அலைவரிசை தேடிக் காட்டுவழியே பாறை உச்சிக்கு ஏறிய செய்தி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவியது. சிங்களக் கிராமத்துக் குழந்தையும் தோட்டத்துக் குழந்தையும் இவ்விடயத்தில் ஒரே பாறையிலேயே நின்றனர். ஆனால், அன்று கவனிக்கப்படாத விடயம் ஒன்றுண்டு. வட்ஸ்அப் குழுவிற் சேர்ந்த ஒவ்வொரு மாணவியின் இலக்கமும் அக்குழுவிலுள்ள அனைவருக்கும் தெரிந்தது. அது பெரும்பாலும் தந்தையின், தமையனின் அல்லது முழுக் குடும்பத்தின் இலக்கம். ஒரு தொலைபேசியைக் குடும்பமே பகிரும் வீட்டில், ‘உன் கடவுச்சொல்லை எவருக்கும் கூறாதே’ என்னும் அறிவுரை பொருளற்றது. லயத்து அறையில் இல்லாத கதவைத் தொலைபேசியில் மாத்திரம் பூட்டச் சொல்வது, வசதி படைத்த வீட்டை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட பாடமாகும்.

ஆதலின், தோட்டப் பகுதி மாணவர்க்குரிய பாடம் அவர்தம் வாழ்நிலையிலிருந்தே தொடங்க வேண்டும். செக்ரோலைப் பற்றியும் துண்டைப் பற்றியும் பாட்டன் பாட்டியிடம் கேட்டறிந்து வருமாறு பணிக்கலாம். அதனையடுத்துத் தம் தொலைபேசியிலுள்ள ஒவ்வொரு செயலியும் எவ்வெவற்றைக் காண அனுமதி பெற்றுள்ளது என்பதைப் பட்டியலிடச் செய்யலாம். இரண்டும் பேரேடுகளே என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வர். வேண்டாத அனுமதியை நீக்குதல், வகுப்புக் குழுவில் நிர்வாகி மாத்திரம் செய்தியிடும்படி அமைத்தல், குழந்தையின் படத்தையும் பாடசாலைச் சீருடையையும் ஒருங்கே பொதுவில் இடாதிருத்தல் ஆகியன அவ்வறிவினின்றும் பிறக்கும் நடைமுறைகள்.

இரண்டாவதாக, படம் திருடப்பட்டு அச்சுறுத்தப்படும் மாணவியைக் குற்றவாளியாக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ‘ஏன் படம் போட்டாய்?’ என்னும் முதற்கேள்வியே அவளை மௌனமாக்குகிறது. மௌனமே அச்சுறுத்துபவனின் மூலதனம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் இலக்கம் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் தமிழில் எழுதப்படுதல் வேண்டும். முறையிட வரும் பிள்ளையின் பெயரைக் காப்பது ஆசிரியரின் கடமை. பெயர்மறைவு அவளுக்கு உரிமை.

மூன்றாவதாக, பெயர்மறைவை முற்றாகப் பழிக்கும் போக்கையும் ஏற்கவியலாது. சம்பளக் குறைப்பையோ, கொழுந்து நிறுக்கும் தராசின் குறைபாட்டையோ, மேலதிகாரியின் பாலியற் தொல்லையையோ வெளியிட விரும்பும் இளந்தொழிலாளிக்கு அது இன்றும் கவசமே. அதே கவசத்தை அணிந்து அயல்வீட்டுப் பெண்ணை இழிவுபடுத்துபவன் தன் பாட்டனின் பாடல் மரபை விடுத்துக் கங்காணியின் மரபைத் தொடர்பவனாவான். இவ்வேறுபாட்டைக் காணும் அறவுணர்வை வளர்ப்பதே ஆசிரியரின் தலையாய பணி.

ஊவாவில் தோன்றிய எழுத்தாளர் ஒருவர் தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே சூடித் ‘தெளிவத்தை ஜோசப்’ ஆனார். துரையின் பேரேட்டிலே ஆட்களை அடக்கிய தோட்டப் பெயர், இலக்கிய உலகிலே ஒரு மனிதனை அறிமுகப்படுத்தும் பெயராக மாறியது. தன் பெயரை எங்கே கூறுவது, எங்கே மறைப்பது, எத்தோடு சேர்த்துக் கூறுவது என்பதைத் தானே தீர்மானிக்கும் வல்லமையே அந்தரங்கத்தின் உள்ளடக்கம். பேரேடு எழுதுபவனைக் கேள்வி கேட்கக் கற்ற மாணவனே அவ்வல்லமையைப் பெறுவான். அக்கேள்வியைத் தனியே கேட்பதிலும் கூடிக் கேட்பது வலிது என்பதை வெவெஸ்ஸ முன்னரே காட்டியிருக்கிறது.